என் எட்டு இட்லியைச் சாப்பிட்டது யார்?

போன மாதம் டாக்டரம்மாவின் ஸ்கேன் மிஷினோடு என் மாமியார் சண்டைக்குப் போனார்.

டாக்டரோடு அல்ல. மிஷினோடு!

விஷயம் இதுதான். எனக்கு இரட்டைக் குழந்தைகள். ஆறாவது மாதம். (நடுவில் இரண்டு வாரம் பத்தி வராததற்குக் காரணமும் அவர்கள்தான். விசாரித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி.) அன்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் முகம் மாறியது.

"ரெண்டு பேருமே வெயிட் கம்மி. அதுலயும் இந்தச் சின்னது ரொம்பப் பின்தங்கியிருக்கு. இப்படியே போனா சிக்கல்தான். என்ன சாப்பிடுறாங்க?"

கேள்வி என்னிடம். பதில் வந்ததோ மாமியாரிடமிருந்து.

"காலையில எட்டு இட்லி, ரெண்டு முட்ட. மத்தியானம் தட்டு நெறையச் சோறு, நாட்டுக்கோழிக் கொழம்பு, ஈரல் வறுவல், ரெண்டு வெஞ்சனம். ராத்திரி மறுபடி எட்டு இட்லி. ஒரு பருக்க மிச்சம் வைக்க மாட்டா எம்மருமக!"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"இம்புட்டும் தின்னா எப்படி வெயிட்டு கொறையும்? செத்த நேரம் அந்த மிஷின அணைச்சுப் போட்டுப் பாருங்க டாக்டரம்மா. எங்க வீட்டு டிவி அப்படித்தான் சரியாகும்."

டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மை தெரியும் (வெளியே சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டிருந்தேன்). எனக்குத் தெரியும். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் பாண்டிக்கும் தெரியும். தெரியாதது மாமியாருக்கு மட்டும்தான்.

ம்... உங்களுக்கும்தான்.

மூன்று வருடத்துக்கு முன் நான் நூற்றுப் பதினாறு கிலோ. "தினமும் திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி வாக்கிங் போனேன், நாற்பது கிலோ குறைந்தேன்" என்று இதே பக்கத்தில் பெருமையாக எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? பொய். வாக்கிங் போனது நிஜம்தான். ஆனால் எடையைக் குறைத்தது ஆபரேஷன். மதுரைக்குப் போய் இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு வந்தேன். சொந்தக்காரர்களிடம் ஆபீஸ் டிரெய்னிங் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பத்தியைப் படித்துவிட்டு நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதினார்: "ஏனுங்க மேடம், நீங்க சொன்னாப்பல ரெண்டு மாசமா நடக்கறனுங்க. செருப்புதானுங்க தேயுது." ஐயா, நீங்கள் எங்கிருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும்.

ஏன் பொய் சொன்னேன்? வெட்கம். வேறென்ன! கல்யாண வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்தாலே எதிர் வரிசையில் கண் ஜாடை ஓடும். 'வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டு வந்திருக்கா' என்ற பேச்சையும் சேர்த்துக் கேட்க என்னிடம் தெம்பில்லை.

இந்த நிலைமையில்தான் வயிற்றில் ரெட்டை என்று தெரிந்தது. அய்யலூர் பக்கம் கிராமத்தில் ஆடு வளர்க்கிற என் மாமியார், ஆடுகளைக் கொழுந்தனாரிடம் ஒப்படைத்துவிட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்து இறங்கினார். அடுப்பு அவர் கைக்குப் போனது.

"ஒத்தப் புள்ளன்னா ரெண்டு உசுருக்குத் திங்கணும். ஒனக்கு மூணு உசுரு தாயி!"

என் வயிற்றில் மிச்சமிருப்பது ஒரு டீ டம்ளர் அளவு இடம். அதையும் பிள்ளைகள் இரண்டு பேரும் கீழேயிருந்து முட்டுகிறார்கள். ஒன்றரை இட்லிக்கு மேல் போனால் போனது திரும்பி வந்துவிடும். எட்டு இட்லிக்கு நான் எங்கே போவேன்?

பாண்டியிடம் போனேன்.

மாமியார் குழம்பு எடுக்க அடுப்படிக்குள் நுழைவார். அந்த அரை நிமிஷத்தில் என் தட்டு பாண்டி முன்னால் போகும், அவருடைய காலித் தட்டு என் முன்னால் வரும். மாமியார் திரும்பி வந்து பார்த்துப் பூரித்துப்போவார். இரண்டே மாதம்... பாண்டி ஒன்பது கிலோ ஏறிவிட்டார். எதிர்வீட்டு மேரி அக்கா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏந்தம்பி, மாசமா இருக்கது அவளா, நீயா?"

சிரிப்பாய்த்தான் இருந்தது. ஸ்கேன் வரைக்கும்.

டாக்டர் எனக்கு முதலிலேயே ஒரு சார்ட் கொடுத்திருந்தார். முட்டை, மீன், கோழி, பருப்பு என்று புரதம்தான் முதலில். சோறு, இட்லியெல்லாம் அப்புறம், இடமிருந்தால். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஏழு தடவை. அது என் போனுக்குள் பத்திரமாக இருந்தது. ஏழு தடவை சாப்பிட்டால் ஏழு தடவை தட்டு மாற்ற வேண்டுமே, பாண்டிக்கு வேறு வேலை இல்லையா? அதனால் மாமியார் கண் முன்னால் இரண்டு வாய் சோற்றை விழுங்குவேன். டம்ளர் நிரம்பிவிடும். முட்டையும் ஈரலும் பாண்டிக்கு. பிள்ளைகளுக்கு?

ஸ்கேன் முடிந்து ஆட்டோவில் வரும்போது மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கைப்பக்குவந்தான் சரியில்ல போல தாயி..." என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அன்று சாயங்காலமே என் முன்னால் தட்டு வந்தது. எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு இட்லி.

"எட்டு பத்தல. இனிமே பன்னெண்டு."

நான் பாண்டியைப் பார்த்தேன். பாண்டி இட்லியைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை.

"யம்மா... பன்னெண்டு என்னால ஏலாதும்மா!"

"ஒனக்கு யாருலே வச்சா?"

முடிந்தது கதை. சொல்லிவிட்டேன். ஆபரேஷன், டிரெய்னிங், தட்டு மாற்றியது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தேன். மாமியார் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கேலி பண்ணுவீங்கன்னு பயம் அத்தை."

"பண்ணியிருப்பேன்தான். ரெண்டு நாளைக்குப் பண்ணியிருப்பேன். அதுக்குப் பயந்துக்கிட்டு எம்பேரப்புள்ளயப் பட்டினி போட்டியாத்தா?"

 

அவரே தொடர்ந்தார். கோபம் குறையவில்லை. ஆனால் தொழில் பேச்சு வந்துவிட்டது. "ரெட்டைக்குட்டி சுமக்கிற ஆட்டுக்கு எப்படித் தீவனம் வைப்போம்னு தெரியுமா? குட்டிக ரெண்டும் அமுக்குறதுல குடல்ல எடமே இருக்காது. அதுக்குப் போயிச் சோளத்தட்டையக் கட்டுக் கட்டாப் போட்டா வயிறுதான் ரொம்பும், குட்டி நோஞ்சானா விழும். தட்டையக் கொறைச்சுப்புட்டு, புண்ணாக்கு, துவரம்பொட்டுன்னு கையளவு கையளவா நாலஞ்சு வாட்டி வைக்கணும். ஆட்டுக்கே அம்புட்டுப் பாக்குறவ, ஒனக்குப் பாக்க மாட்டனா?"

போனை எடுத்து டாக்டரின் சார்ட்டைப் படித்துக் காட்டினேன். ஒரு வரி மாறவில்லை. ஆங்கிலத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து வீட்டில் மணியடிக்காத குறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிண்ணம். ஒரு தடவை முட்டை, ஒரு தடவை முள் எடுத்த மீன், ஒரு தடவை கெட்டிப் பருப்பு. சாப்பிடும்போது தண்ணீரில் கை வைத்தால் டம்ளர் பறிபோகும்; இருக்கிற கொஞ்ச இடத்தையும் தண்ணீர் அடைத்துக்கொள்ளுமே. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை என்னைவிட அவர் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்.

மேரி அக்கா ஒரு டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்தார். மாமியார் கேட்டிலேயே மறித்தார். "இனிப்பு ஆகாது மேரி. இவளுக்கு வயித்துல ஆபரேசன் பண்ணி வெட்டி எடுத்திருக்கு. இனிப்பத் தின்னா கையி காலு நடுங்கிப் படுத்துருவா!" போச்சு. மூன்று வருடம் கட்டிக் காத்த ரகசியம் அரை மணி நேரத்தில் தெருக்கோடி வரை போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் மேரி அக்கா மட்டும் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரிப்பா?"

இதற்குத்தானா இத்தனை வருடம் பயந்தேன்!

போன புதன்கிழமை அடுத்த ஸ்கேன். டாக்டர் அளந்தார். மறுபடி அளந்தார். மாமியார் என் கையைப் பிடித்திருந்தார். 

"பெருசு நல்லா இருக்கு. சின்னதும் ஏறியிருக்கு. இன்னும் ஏறணும், ஆனா ஏற ஆரம்பிச்சிருச்சு. இதையே விடாம செய்யுங்க."

என்ன சொல்வது? உடைந்து அழுதேன். அந்தச் சின்ன ஜீவன் எனக்காகக் காத்திருந்தது போல இருந்தது. நான் செய்ததெல்லாம் வாயைத் திறந்தது ஒன்றுதான்... முதலில் பேச, பிறகு சாப்பிட.

வெளியே வந்ததும் மாமியார் சொன்னார்: "ஏத்தா, நீ பொய் சொன்னத நான் இன்னும் மறக்கல. புள்ளைக பொறக்கட்டும், ஒன்னய வச்சுக்கிறேன்." சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு அவித்த முட்டையை எடுத்து உரித்துக் கையில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று மென்று மென்று முழுசாகச் சாப்பிட்டேன் — சத்தியமாக, நானேதான்!