நெஞ்சுவலிக்குத் துணை வந்த பிள்ளை

போன வருஷம் மாசி மாதம், யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில், எங்கள் பணிய லயத்தில், அதாவது கீழ்வரிசைத் தொழிலாளர் வீடுகளில், நடந்தது இது. நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் பால்வெட்டப் போன காலத்தில் எந்தக் கங்காணியிடமும் ஒரு சொல் வாங்கியதில்லை. சிங்களமும் நன்றாகப் பேசுவேன். ஆகையால் இதை நானே சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் காம்பராவில், லயத்து ஒற்றை அறை வீட்டில், ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். தாய் என்னைச் சின்னம்மா என்பாள், மகள் அம்மாயி என்பாள். மகளுக்கு அப்போது பதினாறு வயது, இன்னும் பெரியபிள்ளையாகவில்லை. அவளோடு படித்தவர்களுக்கெல்லாம் பந்தல் போட்டு, வீடியோ எடுத்து, சடங்கு முடிந்துவிட்டது. இவளுடைய தாய் அம்மனுக்கு நேர்ந்துகொண்டதோடு சரி. பிள்ளைக்கு அடிக்கடி அடிவயிறு வலிக்கும். நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான், அவள் முனகுவது எனக்குக் கேட்கும். வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் வாயு மாத்திரை கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

பிறகு வயிறு மெல்ல மேடுதட்டியது. அப்புறம் கேட்க வேண்டுமா? பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் இதே பேச்சு.

"பெரியபுள்ளயே ஆகாதவ எப்புடிடீ முழுகாம இருப்பா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு என்னா பெரியம்மா தெரியும்? அதெல்லாம் முந்தியே தங்கிக்கும்" என்றாள் கடைசிக் காம்பராக்காரி.

அஞ்சு பெற்றவளுக்குத் தெரியாதாம்!

பெற்றவளும் மகளை நம்பவில்லை, பீலியைத்தான் நம்பினாள். யார், யார் என்று கேட்டு அடித்தாள். பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் போய்ச் சத்தம் போட்டேன்.

"அடிக்கிற கையால ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடி!"

"எங்க சின்னம்மா கூட்டிட்டுப் போறது? கிளினிக் பெஞ்சுல ஒரு தடவ உக்காந்தா போதும், எங்க மானம் போச்சு."

அவள் சொன்னதும் பொய்யில்லை. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் மாதம் ஒருமுறை மருத்துவிச்சி அம்மா கிளினிக் வைப்பார். பெஞ்சு முழுக்க கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான். கல்யாணமாகாத பெண்ணுக்கு அங்கே இடமில்லை. பிள்ளை உண்டானால்தான் ஒருத்திக்கு வயிறு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள் போலிருக்கிறது.

அன்று காலை தாய் பால்வெட்டப் போயிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். போய்ப் பார்த்தால் பிள்ளை தரையில் சுருண்டு கிடக்கிறாள்.

"அம்மாயி, நேத்து ராத்திரியிலருந்து ஒண்ணுக்குப் போக முடியல."

எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "வேணாம் அம்மாயி, எல்லாரும் பாப்பாங்க" என்கிறாள். உயிர் போகிற வேதனையிலும் பிள்ளைக்கு அந்தப் பயம்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வேறு வழி தெரியவில்லை. வாசலில் வந்து நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ, நெஞ்சு வலிக்குதே!"

நான் எதற்கும் வாய்விட்டு அழாதவள். லயமே ஓடிவந்தது. ஒருவர் ஆட்டோவுக்குப் போன் பண்ணினார். கடைசிக் காம்பராக்காரி சுடுதண்ணீர் கொண்டுவந்து என் முதுகைத் தடவிவிட்டாள். "இந்தப் புள்ளையைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். பார்த்தவர்களுக்கு அவள் என்னைத் தாங்கிப் போவது போல இருந்திருக்கும். அவளுடைய பாரமெல்லாம் என் தோளில்தான் இருந்தது. ஆட்டோக்காரத் தம்பி ஒவ்வொரு வளைவிலும், "மூச்ச நல்லா இழுத்து விடுங்க பாட்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நானும் இழுத்து இழுத்து விட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் வயிற்றைப் பார்த்தார். "எத்தனை மாசம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மாசமில்ல மிஸ், மூத்திரம்! மூத்திரம் போகல!" என்று நானும் சிங்களத்திலேயே கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நல்லவேளை, அங்கே ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். முதலில் குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்தார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசினார். ஸ்கேன் எடுத்தார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். பிள்ளை பெரியபிள்ளையாகி வெகுகாலமாம். பிறவியிலேயே மெல்லிய தோல் ஒன்று வழியை மூடியிருந்திருக்கிறது. மாதாமாதம் வந்த இரத்தம் வெளியே வர முடியாமல் உள்ளேயே தேங்கியிருக்கிறது. வலியும் வீக்கமும் அதனால்தான், மூத்திரம் அடைத்ததும் அதனால்தான். சின்ன ஒப்பரேஷன் போதும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிறுநீரகத்துக்கும் கர்ப்பப்பைக்கும் கெடுதி என்றார்.

"பின்பக்கம் இளம்பிள்ளைகளுக்கென்றே தனி அறை இருக்கிறதே. அங்கே யாரும் தேவையில்லாமல் கேள்வி கேட்கமாட்டார்கள். ஏன் முன்பே வரவில்லை?" என்றும் கேட்டார்.

"யாரு எங்களுக்குச் சொன்னது? டெங்குன்னா மைக் கட்டி லயம் லயமா சொல்றீங்க. இதை ஒரு வாய் சொன்னீங்களா?" என்றேன்.

தாயை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாய் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்த கையோடு என்னிடம் கேட்கிறாள், "அப்ப சின்னம்மா, சடங்கு எப்ப வைக்கலாம்?" அவளை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு லயமே என்னைப் பார்க்க வந்தது. கிரீம் கிராக்கர் என்ன, மால்ட் டின் என்ன, ஆரஞ்சு என்ன! இல்லாத வலிக்கு இத்தனை மரியாதை. சுவருக்கு அந்தப் பக்கம் உண்மையாகவே கத்தி பட்டவள் படுத்திருக்கிறாள், அவள் கதவை ஒருவர்கூடத் தட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிஸ்கட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"சொல்லுங்க அம்மாயி. தோலு மூடியிருந்தது என் குத்தமா?"

மறுநாள் கடைசிக் காம்பராக்காரி வந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். போகும்போது வாசலில் நின்று மெல்லக் கேட்டாள்.

"அந்த ரூமு என்னைக்குத் தொறப்பாங்க பெரியம்மா? எங்க சின்னவளுக்கும் மாசாமாசம் நிக்காமப் போகுது. எழும்பி நின்னா மயக்கம் வருதுங்கிறா."

"அடிப்பாவி! இதை வீட்டுல வச்சுக்கிட்டா பீலியில நின்னு அடுத்தவ வயித்துல மாசம் எண்ணிக்கிட்டிருந்த?"

நன்றாகத் திட்டினேன். திட்டிவிட்டு, அடுத்த வாரம் அவளையும் மகளையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். லயத்துக்காரர்கள், யாருக்குச் சுகமில்லை என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன்.

அதற்குப் பிறகும் அடிக்கடி எனக்கு நெஞ்சுவலி வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை துணைக்கு வருகிறாள். இந்தப் பிள்ளைகள் தங்கள் வலியைத் தங்கள் பெயரிலேயே சொல்லிக்கொண்டு அந்த வாசலுக்குப் போகும் நாள் வரும்வரை என் நெஞ்சுவலி தீராது என்றுதான் நினைக்கிறேன்.