மூன்று பாகம் இழை

வேதநாயகத்தின் குடும்பத்தில் யாருக்கும் மீட்டர் கணக்கு ஒட்டாது. கயிறானாலும் வலையானாலும் பாகம்தான். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். கடலை விட்டுவிட்டு அவன் ஒப்பந்தக்காரரிடம் கேபிள் ஒட்டும் வேலைக்கு வந்து பதினெட்டு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. முடி மாதிரியான கண்ணாடி இழையை அவன் ஒட்டினால் வெளிச்சத்துக்கே ஒட்டு தெரியாது என்பார்கள். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

போன ஐப்பசி மழையில் உச்சிப்புளிப் பக்கம் ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒட்டினான். ஒரே ஒரு இழை மட்டும் எட்டவில்லை. பையில் கிடந்த இழையைக் கை விரித்து மூன்று பாகம் அளந்து, நறுக்கி, நடுவில் சேர்த்தான். பக்கத்து இழைக்கு அது தேவைப்படவில்லை. இன்டர்நெட் ஓடியது. இதில் யாரிடம் என்னத்தைச் சொல்வது?

தை மாதம் ஆராய்ச்சிக்காரி நூர் நிஷா வந்தாள், கீழக்கரைப் பெண். பரமக்குடியில் ஒரு கடிகாரம், இராமேஸ்வரத்தில் ஒரு கடிகாரம். அவன் துண்டு சேர்த்த இழை, அதன் பக்கத்து இழை, அதே இரண்டில், ஒன்றில் போகவும் மற்றதில் வரவுமாக வெளிச்சத்தை அனுப்பி, இரண்டு கடிகாரத்தையும் இம்மி பிசகாமல் ஒன்றாக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் ஒற்றை ஒற்றைத் துளியாக மெலிந்துவிடும். ஒவ்வொரு துளியும் வந்த கணத்தைக் குறிக்க ஒரு கருவி. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நீளம் என்று நம்பித்தான் கணக்கே. சோதனை தேறினால் ஆராய்ச்சிக்காரர்கள் இந்த லைனையே எடுத்துக்கொள்வார்கள், அதைப் பராமரிக்க வேதநாயகத்துக்கு வேலை நிரந்தரம்.

தேறவில்லை. செயற்கைக்கோள் சொன்ன நேரத்தோடு ஒப்பிட்டால் உதைத்தது.

"எங்கயாச்சும் நீளம் மாறியிருக்காண்ணே?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "இல்ல மேடம்" என்று சாதித்தான். பயம்தான், வேறென்ன. ரிப்போர்ட் போவதற்கு முந்தின நாள் மனசு கேட்காமல் சொல்லிவிட்டான்.

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா? அளவு தெரிஞ்சா கழிச்சிரலாம்ணே. மூணு பாகம்னா எத்தன சென்டிமீட்டர்?"

அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"நீளம் அளக்குற மிஷின் அரை மீட்டர் முன்னபின்ன காட்டுது, செயற்கைக்கோள் கணக்கும் அவ்வளவு துல்லியமில்ல. எனக்கு ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் ஆகாது. தோண்டிப் பாப்பமா?"

"அங்கன மேல சிமென்ட் ரோடு போட்டாக மேடம்."

அவள் டேப்பை எடுத்தாள். சுவரை ஒட்டி நின்று கைகளை விரித்தான். நூற்று எழுபத்து நான்கு. மறுபடி, நூற்று எழுபத்தொன்று. மறுபடி, நூற்று எழுபத்தாறு. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது, பாழாய்ப்போன கை.

"ஒட்டுறப்ப முனையில எவ்வளவு நறுக்கிப் போட்டீங்க?"

"மழையில ரெண்டு மூணு தடவ ஒடஞ்சிச்சு மேடம். கணக்கு வைக்கல."

அவள் டேப்பைச் சுருட்டினாள். "நாளைக்கு ரிப்போர்ட் போகணும். வேற லைன் பாக்கச் சொல்லி எழுதிர்றேன். கையை எறக்குங்கண்ணே."

அவன் இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விரித்தான்.

"இன்னொருக்க அளந்து பாருங்க மேடம். அன்னைக்கும் இப்படித்தான் நின்னேன்."