நோன்பை விட்டுத் தந்த இரத்தம்

யுத்தத்தின் கடைசி வருடங்களில், முஸ்லிம் மக்களின் நோன்பு மாதத்தில் ஒரு நாள் காலை, மன்னார் உப்புக்குளத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் என் கணவர் இரத்தமாக வாந்தி எடுத்தார். கடற்தொழிலாளி. வயிற்றுப்புண்ணுக்கு உறைப்பு ஆகாது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும், செத்தல் மிளகாய்ச் சம்பல் இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். அந்தப் புண்தான் உள்ளே வெடித்துவிட்டது.

இங்கே ஒப்பரேசன் செய்ய வசதியில்லை, வெளியே அனுப்பவேண்டும் என்றார் மன்னார் ஆஸ்பத்திரி டொக்டர். வழக்கமாக அனுப்புகிற பெரிய ஆஸ்பத்திரி அன்று காயக்காரர்களால் நிரம்பியிருந்தது. தலைமை நேர்ஸ் ஒவ்வோர் ஊராகத் தொலைபேசியில் கட்டில் கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே பதில். கடைசியில் புத்தளத்தில் ஒரு கட்டில் கிடைத்தது. ஆனால் அவருடைய வகை இரத்தம் அங்கே இல்லை, கொடுக்கிறவர்களையும் கூட்டி வாருங்கள் என்றார்களாம்.

எங்கே கூட்டிப்போவது? அம்புலன்சில் நோயாளியுடன் ஒருவர்தான் போகலாம். என் இரத்தமோ அவருக்குப் பொருந்தாது. நான் வாய்விட்டு அழுதேன். நேர்ஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அழாமல் கேளுங்கோ. அங்க போய் இறங்கின உடன வாசல்ல நிண்டு, மன்னார் ஆக்கள் எண்டு சத்தமாச் சொல்லுங்கோ. மிச்சத்தை அவை பார்ப்பினம்.”

‘அவை’ யாரென்று அம்புலன்சில் ஏறிய பிறகுதான் எனக்கு விளங்கியது. தொண்ணூறாம் ஆண்டு ஒரே கிழமையில் மன்னாரிலிருந்து எங்கள் தமிழ் இயக்கத்தால் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் இன்னும் முகாம்களில்தான் இருந்தார்கள். எங்கள் வீதியிலேயே அவர்களுடைய வீடுகள் கூரையில்லாமல் கிடந்தன. நான் கலியாணம் முடித்து அந்த வீதிக்கு வந்தது அவர்கள் போன பிறகுதான். கட்டிய துணியோடு போனவர்களிடம், அதே வீதியிலிருந்து போய் எந்த முகத்தோடு இரத்தம் கேட்பேன்? மதவாச்சிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் என் கணவர் படுத்திருந்த மெத்தையைக்கூடத் தூக்கிப் பார்த்தபோதும் எனக்கு இந்த யோசனைதான்.

புத்தளத்தில் இறங்கியதும் வெட்கத்தை விட்டுக் கத்தினேன். வாசலில் நின்ற தொப்பி போட்ட ஒருவர் விறுவிறு என்று வந்தார். மன்னாரிலிருந்து நோயாளி யாரும் வந்திருக்கிறார்களா என்று பார்க்க முகாமிலிருந்து தினமும் யாராவது வந்து நிற்பார்களாம்.

“மன்னாரில எவ்விடம், தங்கச்சி?”

“உப்புக்குளம்” என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

 அவர், “எங்கட றோட்டுக்கு இப்ப பைப் தண்ணி வருதோ?” என்று கேட்டார். நான் ஓம் என்றேன். “நல்லது” என்று சொல்லிவிட்டு, இரத்த வகையைக் கேட்டுக்கொண்டு சைக்கிளில் பறந்தார்.

முகாம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். ஓர் ஆட்டோ நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். சோதித்ததில் இரண்டு பேருடைய இரத்தம் பொருந்தியது. ஒருவர் அந்தத் தொப்பிக்காரரேதான். ஆனால் வெறும் வயிற்றோடு இருப்பவர்களிடம் இரத்தம் எடுக்க மாட்டேன் என்று அங்கிருந்த நேர்ஸ் மறுத்துவிட்டார். நோன்பு திறக்கப் பொழுது சாயவேண்டும். அதுவரை இவர் தாங்க மாட்டார் என்றார் டொக்டர்.

நோன்பை விடச் சொல்லி நான் அவர்களிடம் கேட்கவில்லை.  அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு நேரே கன்ரீனுக்குப் போனார்கள். நான் பின்னாலேயே ஓடி, “ஐயோ அண்ணன், உங்கட நோன்பு” என்றேன். விட்ட நோன்பைப் பிறகொரு நாளில் பிடித்து ஈடு செய்வதைக் களாச் செய்வது என்பார்கள்.

“நோன்பைக் களாச் செய்யலாம், தங்கச்சி. உயிரைக் களாச் செய்யேலாது” என்றபடி அவர் பணிசைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்தார். நான் அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. என் கணவர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களெல்லாம் யாரோ ஒருவர் எனக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தந்தார்கள். யார் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளும் நிலையில் நான் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்தபின் எங்கள் வீதிக்கு முஸ்லிம் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அந்த அண்ணன் வந்தாரா, தெரியவில்லை. முகமும் மங்கிவிட்டது. யார் வந்து தங்கள் காணியில் வளர்ந்துகிடந்த பற்றை வெட்டத் தொடங்கினாலும் அன்று மத்தியானம் எங்கள் வீட்டிலிருந்து சோறும் மீன்குழம்பும் போகும். ஏன் இப்படி எல்லாருக்கும் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய் என்று என் கணவர் கேலி செய்வார். நன்றி சொல்லவேண்டிய அந்த ஒருவர் கிடைக்காததால்தான், வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.