வலப்பக்கம் சாய்ந்த ஜீப்

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, குமிழி ஓடும் ரசமட்டத்தை ஜீப்பின் பம்பர் மேல் வைத்துப் பார்த்த நான், ஜீப் நின்ற தரையில் அதை வைத்துப் பார்க்கவில்லை. நாலு புத்தகம் படித்தவன் என்று ஊரில் பெயர் வாங்கியிருப்பவன் இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

ஜீப் பழையது. வாங்கியதற்கு இந்த வயதில் வந்த ஆசையைத் தவிர வேறு காரணம் கிடையாது. எந்த மேட்டிலும் ஏறும் என்றுதான் விற்றவர் சொன்னார். இரண்டு வருடத்தில் அது ஏறிய பெரிய மேடு சூலக்கரை வேகத்தடை.

சிவகாசியில் மத்தாப்புப் பெட்டிக்கு அட்டை வெட்டுகிற சின்னப் பட்டறை எனக்கு. அங்கே பெட்டி ஒட்டும் மேசையைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று வருடம். அவருடைய குலசாமி வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம், மணல் ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது. ஆட்டோ இக்கரையோடு நின்றுவிடும். மணலில் அவரால் நடக்க முடியாது. மூன்று பங்குனி உத்திரத்துக்கும் வீட்டார் மட்டும் போய்த் திருநீறு கொண்டுவந்தார்கள்.

"நான் நேர்ல நின்னு கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அதைத் திருநீத்துக்கிட்டயா கேக்க முடியும்?" என்றார் ஒருநாள், பசைக் கையோடு.

இந்த வருடம் நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஜீப்பை உற்றுப் பார்த்தேன். பட்டறை வாசலில் அது வலப்பக்கம் சாய்ந்து நின்றது. ரசமட்டமும் அப்படியே சொன்னது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரே வைத்தியம்தான். அட்டை வெட்டும் அச்சில் ஏதாவது ஓரம் சரியாக வெட்டவில்லையென்றால், அந்த இடத்துக்கு அடியில் தாளை ஒட்டி உயர்த்துவோம். முப்பது வருடமாக இதைச் செய்து பழகிய கை சும்மா இருக்குமா? சாத்தூரில் கனமான ரப்பர் ஷீட் வாங்கி, வண்டியின் பாரம் தாங்கும் வலப்பக்கக் கமான் பட்டைகளுக்கு அடியில் முன்னும் பின்னும் செருகி இறுக்கினேன். குமிழி நடுவில் வந்து நின்றது. மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உத்திரத்தன்று நல்ல ரோட்டிலேயே வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அக்கா உட்கார்ந்திருந்ததும் அந்தப் பக்கம்தான். "கட்டில்ல ஒரு கால் உடைஞ்ச மாதிரி இருக்கே" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஓடைக்கு இறங்கும் பாதையும் இடப்பக்கம் சரிவு. பாதிச் சரிவில், கவிழ்ந்துவிடுவோம் என்று எனக்கே தோன்றிவிட்டது. எப்படியோ மணலில் இறக்கி நிறுத்தினேன். அக்கரையில் மேளச் சத்தம் கேட்டது.

"திரும்பிருவோமா அக்கா?"

அவர் முழங்காலைத் தடவியபடி கோயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் பொங்கல் பானைகளோடு வந்த டிராக்டர்காரர் இறங்கி, ஜீப்புக்கு அடியில் தலையை விட்டார். "அண்ணாச்சி, பட்டையெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இதுக்குள்ள ரப்பரைத் திணிச்ச புண்ணியவான் யாரு?"

"நாந்தான்."

"வண்டி எங்கன நின்னப்ப சாஞ்சுச்சு?"

"பட்டறை வாசல்ல" என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மழைத்தண்ணீர் காகிதக் கட்டுகள் பக்கம் வரக்கூடாதென்று, அந்த வாசலைச் சாக்கடைப் பக்கம் சரித்துப் பூசச் சொன்னதே நான்தான். கொத்தனார் சொன்னபடி செய்திருந்தார்.

டிராக்டர்காரர் ஜாக்கிக்கு அடியில் பலகை போட்டுத் தூக்கி, ரப்பரை உருவி எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப இறுக்கிக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சம மணலில் ஜீப் நேராக நின்றது. அது என்றைக்குமே நேராகத்தான் நின்றிருக்கிறது.

அக்கரை ஏறியதும் அக்கா என் தோளைப் பிடித்து இறங்கினார். பிறகு தோளை விட்டுவிட்டுத் தானாகவே நடந்தார். சாமி முன்னால் வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். அவர் உதடு அசைவதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ரப்பர் ஷீட்டால் இதைக் கெடுக்கப் பார்த்தோமே என்று இருந்தது.

மறுநாள் மேசைப் பக்கம் போய், "நெனச்சதைக் கேட்டீகளா அக்கா?" என்றேன்.

"எங்க அண்ணாச்சி! மூணு வருசமாக் காலுக்காகத்தான் கேக்கணும்னு இருந்தேன். அங்கன போய் நின்னா அது ஞாபகத்துலயே இல்ல. திரும்பி உங்க ஜீப்புலதான் போகணும், நல்லபடியா வீட்டுல சேத்துரு சாமின்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."