பூபதிக்குக் கை கொடுத்தவள்

பொம்மை ஆட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு: மேலே நின்று நூல் பிடிக்கிறவர்கள், கீழே மேஜைக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். நான் இரண்டாம் வகை. முகம் தெரியாமல், பெயர் மட்டும் கடைசியில் ஓடுகிற வேலை எதிலாவது நீங்களும் இருந்தால், இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. இல்லையென்றாலும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள், தலை மேஜையில் இடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா கேட்ட கேள்வி

போளூரில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தேன். கையில் பொம்மை மாட்டிக்கொண்டு பாட்டுச் சொல்லித்தருவேன். யாரோ அதைப் போனில் எடுத்துப் போட, அது சுகுமார் அண்ணன் கண்ணில் பட்டது. அவர் யூடியூபுக்கு நகைச்சுவைத் தொடர் எடுக்கிறவர். ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோ ஆக்கியிருந்தார். தொடரின் பெயர் ‘போய்ட்டு வர்றேன்’. பூபதி என்று தொப்பை வைத்த ஒரு துணிப் பொம்மை. ஒவ்வொரு பகுதியிலும் அவர் ஏதாவது ஒரு விதத்தில் செத்துப்போவார். ஒருநாள் செல்ஃபி எடுக்கப் போய், ஒருநாள் டாக்டராக வரும் கழுகுப் பொம்மை எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தின்று. செத்ததும் மேலோகத்துக் குமாஸ்தா குடை பிடித்துக்கொண்டு வந்து கூட்டிப் போவார். பூபதிக்குக் கையும் குரலும் நான்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “பங்குச் சாமியாரு கேட்டா இன்னான்னு சொல்றது? எம் பொண்ணு மலைமேல ஒருத்தர தெனமும் சாவடிக்கிறாள்னா?”

குச்சியில் ஒரு பந்து

குமாஸ்தா மட்டும் பொம்மை இல்லை, கார்ட்டூன். கண்ணமங்கலத்தில் இருக்கும் யாஸ்மின் அவரைக் கம்ப்யூட்டரில் வரைந்து, படம் எடுத்து முடித்தபிறகு சேர்ப்பாள். படம் எடுக்கும்போது அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குச்சி, குச்சி முனையில் ஒரு மஞ்சள் பந்து. பூபதி அந்தப் பந்தைப் பார்த்துத்தான் கெஞ்ச வேண்டும். சில காட்சிகளில் பந்தையும் எடுத்துவிடுவார்கள். அப்போது வெறுங்காற்றைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு வருஷம் காற்றோடு பேசிப் பாருங்கள். பதில் வராத இடங்களில் பதில் கேட்க ஆரம்பிக்கும். எனக்குக் கேட்டது. குமாஸ்தாவுக்குக் கொஞ்சம் மூக்கடைப்புக் குரல்.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி சின்னப்பொண்ணு எங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருவாள். ஒருநாள் சாமைச்சோற்றுப் பாத்திரத்தோடு நேரே வந்தவள், பாதி அறையில் நின்றாள். பிறகு எதையோ சுற்றிக்கொண்டு, சுவரோரமாக வந்து பாத்திரத்தை வைத்தாள். அங்கே பந்துகூட இல்லை. ஏன் சுற்றி வருகிறாய் என்று கேட்டேன். “அவரு உக்காந்துனு இருக்காரே டீச்சரம்மா, நடுவுல எப்பிடிப் போவறது?”

பார்சல்

பொம்மைகளுக்குக் கண்ணாடிக் கண்கள் வெளியூரிலிருந்து தபாலில் வரும். ஒருமுறை மழையில் பெட்டி நனைந்து ஓரம் கிழிந்துவிட்டது. தபால்காரர் அதை இரண்டு கையாலும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் பேனா தேடி உள்ளே போனேன். கிழிசல் வழியாக ஒரே ஒரு பழுப்புக் கண் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

“சீக்கிரம் கையெழுத்து போடுங்கம்மா, அடிவாரத்துலேர்ந்து அது என்னியே பாத்துக்குனு வருது.”

ஜன்னல் வழியாக

மார்கழியில் ஒரு காலை. பூபதி கட்டிலில் படுத்து உயிர் விடுகிற காட்சி. வெளிச்சத்துக்காக கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். நான் கட்டிலுக்கு அடியில். என் முன்னால் ஒரு சின்னத் திரை இருக்கும், பூபதி என்ன செய்கிறார் என்று அதில்தான் எனக்குத் தெரியும். பாதி வசனத்தில் திரை வெளுக்க ஆரம்பித்தது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் கணுக்கால் சில்லிட்டது. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்திருந்தது. சத்தமே இல்லை. முதலில் தலையணை போயிற்று, பிறகு பூபதியின் தொப்பை, பிறகு முகம். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதவரை கையை இறக்கக்கூடாது என்பது தொழில். யார் கண்ணுக்கும் தெரியாத பூபதியை நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் ஏதோ முனகினார். நானா முனகினேன், தெரியவில்லை. கை என்னுடையது போலவே இல்லை. எவ்வளவு நேரமோ. மேகம் வந்த வழியே போனபோது பூபதி கண்ணைத் திறந்தபடி, நனைந்து, அமைதியாகக் கிடந்தார்.

சுகுமார் அண்ணன் அப்படியே யாஸ்மினுக்கு அனுப்பிவைத்தார், குமாஸ்தாவை வரைந்து சேர்க்கச் சொல்லி. அவள் மூன்று நாள் வைத்திருந்து, எதுவும் சேர்க்காமல் திருப்பி அனுப்பினாள். போன் போட்டோம். “எத்தினி தபா வரைஞ்சாலும் ஒக்காரலீங்கண்ணா. அவருதான் ஏற்கெனவே வந்துட்டுப் போய்ட்டாரே.”

நெல்லிவாசலிலிருந்து வந்தவர்

ஜீப் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பூபதிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போக ஷேர் ஜீப்பில் ஏறுகிறார். ஆள் நிறையாமல் வண்டி கிளம்பாது. இன்னும் இரண்டு பேர், இன்னும் ஒருவர் என்று டிரைவர் பொம்மை கூவிக்கொண்டே இருக்க, பூபதி செத்துப்போகிறார். செத்தவருக்கு எதற்கு சீட் என்று பிணத்தைத் தூக்கி வண்டி மேலே கட்டுகிறார்கள். இப்போது ஓர் இடம் காலி, மறுபடியும் ஆள் நிறைய வேண்டும். இது நன்றாக ஓடியது. மலையில் சிக்னல் கிடைக்கிற பாறைமேலும் புளியமரத்தடியிலும் நின்று பார்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் குப்பம்மாள். நெல்லிவாசல் பக்கத்திலிருந்து பாதி தூரம் நடந்து, பாதி தூரம் ஜீப்பில். “எங்க வூட்டுக்காரரு அப்பிடித்தான் ஜீப்புல செத்தாரு” என்று சொல்லிவிட்டு நின்றார். எழுதியது சுகுமார் அண்ணன், சிரிப்பு வரும்படி சாகவைத்தது நான். மன்னிச்சிடுங்கம்மா என்று இரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பித்தோம். அந்த அம்மா காதில் வாங்கவில்லை. “அந்தக் குண்டரு எங்க?” என்றார்.

பூபதியைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தேன். ஒளிந்துகொள்ள மேஜை இல்லை. அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, பூபதியைத்தான் பார்த்தார். “போற வழியில ரொம்ப வலிச்சுதா?” என்று கேட்டார்.

எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். இவருக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் கை தானாக நிமிர்ந்தது. பூபதி குரலில் சொன்னேன்: “வலிச்சுதும்மா. அந்த டிரைவர திட்டிக்கினே இருந்தேனா, நடு நடுவுல மறந்து போச்சு.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியபிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. “ஆமா, அவரும் வாய மூடவே இல்ல” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னப்பொண்ணு கொடுத்த டீயைக் குடித்தார். பூபதியின் கையை ஒரு தடவை தொட்டார். கிளம்பும்போது, இவ்வளவு தூரம் வந்த காரியத்தைச் சொன்னார். “எல்லாம் சரியாத்தான் எடுத்திருக்கீங்க. ஆனா பின்சீட்டுல ஒரு ஆட்டுக்குட்டி இருக்கும், அத வுட்டுட்டீங்க.”

லீவு

அப்பா இறந்தபோது நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். ஒலிப்பதிவு என்பதால் போனை அமைதியாக்கி வைத்திருந்தேன். பூபதி செத்து முடித்து நான் எழுந்து பார்த்தால் அம்மாவிடமிருந்து ஆறு அழைப்புகள். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போளூர் போய்ச் சேர்ந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மலைக்குத் திரும்பினேன். அன்றைய காட்சியில் பூபதி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்தே சாக வேண்டும். அவர் சாவது என்றால் ஒன்றுமில்லை, என் மணிக்கட்டு மடங்க வேண்டும், அவ்வளவுதான். மடங்கவில்லை. மூன்று தடவை எடுத்தோம். மூன்று தடவையும் பூபதி நிமிர்ந்து உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டே இருந்தார். சுகுமார் அண்ணன் காய்ச்சல் என்றாலும் படப்பிடிப்பை நிறுத்தாதவர். அவர் கேமராவை ஓடவிட்டுவிட்டு, குனிந்து மேஜைக்கு அடியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “இன்னிக்கு அவரு பொழைச்சிக்கட்டும்மா” என்றார். நான் அழுதேன். மேலே பூபதி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அதை அப்படியே வெளியிட்டோம். பூபதி பக்கத்தில் யாஸ்மின் குமாஸ்தாவை வரைந்திருந்தாள், குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு அவரும் சும்மா உட்கார்ந்திருந்தார். கீழே முதலில் வந்த கருத்து இது: “இன்னிக்கு ஜோக்கே இல்லீங்க. ஆனா ரெண்டு தபா பாத்தேன்.”

ஆகமொத்தம், பூபதியைச் சாகடிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது, அவரைச் சும்மா உட்காரவைக்க மட்டும் நான்கு வருஷமாகியும் இன்னும் சரியாக வரவில்லை.