கத்தவில்லை, கீச்சினேன்

அலுவலகத்தில் அவருக்கு ‘அகராதி’ என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னால், இரண்டு தடித்த அகராதிகளுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு மேசையில் வைத்திருப்பவர் என்று பொருள். முதுகுக்குப் பின்னால் சொன்னால், அகராதி பிடித்த மனுஷன் என்று பொருள். முதல் பொருள் மட்டும்தான் அவர் காதுக்கு எட்டியிருந்தது, பாவம்.

தொழிலாளர் விசாரணை மன்றத்தில் இருபத்தெட்டு வருடமாக மொழிபெயர்ப்பாளர். தமிழில் வருகிற வாக்குமூலங்களை மன்றத்தின் மொழியில் எழுதிக் கொடுப்பார். விசாரணையில் இரண்டு பக்கமும் பேசுவதை உடனுக்குடன் மாற்றிச் சொல்வார். மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கும் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆக, அங்கே வந்து நிற்கிற தமிழ்க்காரர்களுக்கு வாயும் அவர்தான், காதும் அவர்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல உழைப்பாளி. லஞ்சம் தொட்டதில்லை, ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. யாரிடமும் எதையும் கேட்டதும் இல்லை, அதுதான் வினை.

அந்த வருடம் ஒரு நர்ஸின் வழக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பார்க்க வந்தவர்கள் கூச்சல் போட்டு, தள்ளுமுள்ளாகி, ஒரு கண்ணாடிக் கதவு உடைந்தது. நர்ஸ்தான் தூண்டிவிட்டாள் என்று நிர்வாகம் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. அவள் மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தது நாலே வரி. ‘நான் கத்தவில்லை. யாரையும் தூண்டவில்லை. தண்ணீர் இல்லை என்று கீச்சினேன், அவ்வளவுதான். அதை இருநூறு பேர் மறுகீச்சு செய்தார்கள்.’

அகராதியைப் புரட்டினார். கீச்சு: பறவை எழுப்பும் மெல்லிய கூரிய ஒலி. மனிதர் விஷயத்தில் கிறீச்சிடுதல். சரிதான், கத்துவதற்கும் கிறீச்சிடுவதற்கும் இந்தப் பெண் வித்தியாசம் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டார். இருநூறு பேர் அந்த வார்டுக்குள் எப்படி நின்றிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் பேனா நின்றது. வராந்தாவையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, ‘இருநூறு பேர் பதிலுக்குக் கிறீச்சிட்டார்கள்’ என்று எழுதினார். அடக் கடவுளே, வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தாள் அவள்! எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

விசாரணையிலும் அதே கூத்துதான்.

“கீச்சினது நீங்கதானாம்மா?” என்று தலைவரின் கேள்வியை மாற்றிக் கேட்டார்.

“நான்தான் சார். மறைக்கலையே.”

“வார்டு பூரா நோயாளிக் குழந்தைங்க. அப்படிச் செஞ்சது தப்புன்னு தோணலையா?”

“அந்தக் குழந்தைங்களுக்காகத்தான் கீச்சினேன். இன்னொரு தடவை இப்படி ஆனாலும் கீச்சுவேன்.”

சொல்லுக்குச் சொல் சுத்தமாக மாற்றிச் சொன்னார். தலைவருக்கு முகம் சுருங்கியது. நீக்கம் சரியே என்று தீர்ப்பாயிற்று. நர்ஸ் ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னதற்கு இதுவா தண்டனை என்று அவள் விக்கி விக்கி அழுததை அவர் மொழிபெயர்க்கவில்லை. அது பதிவுக்குத் தேவையில்லாதது.

மூன்றரை வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவருடைய மகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, உங்க ஆபீஸ் லிப்ட் ஓடலைன்னு யாரோ கீச்சியிருக்காங்க.”

“யாரு கத்தினது?”

“ஐயோ அப்பா! கத்துறதில்ல, எல்லாரும் படிக்கிற மாதிரி போன்ல எழுதிப் போடுறது. இதை ஆரம்பிச்சவங்க, குருவி கத்துறதுக்கு அவங்க மொழியில இருந்த வார்த்தையை இதுக்கு வச்சாங்க. நாம கீச்சுன்னு வச்சுக்கிட்டோம். ஒவ்வொரு மொழிக்காரங்களும் அவங்கவங்க குருவியைப் பிடிச்சுட்டு வந்துட்டாங்க. அடுத்தவங்க அதைத் திருப்பிப் போட்டா மறுகீச்சு. இதுகூடத் தெரியாதா?”

அவர் எழுந்தார். வெளியே போய்ச் செருப்பு மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“தெரியாம நடந்ததுதானேங்க. யாருக்குத் தெரியப்போகுது? உங்க பேரை நீங்களே கெடுத்துக்கணுமா?”

“அவ வாயில நான் போட்ட வார்த்தைடீ அது,” என்றார்.

மறுபரிசீலனைக்கு முப்பது நாள்தான் கெடு, ஆறு நாள் மிச்சம் இருந்தது. அவற்றில் நான்கை வீணாக்கினார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை, தன் தவறை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே அலுவலகம் போய் வந்தார். வெள்ளிக்கிழமை பதிவாளர் மேசையில் வைத்துவிட்டு, கழிப்பறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார்.

மறு விசாரணையில் அவர் சாட்சி. சாட்சி அவரவர் மொழியில்தான் பேச வேண்டும் என்பது மன்றத்தின் விதி. அவருடைய நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தச் சொல்லை ஏன் அப்படி எழுதினீங்கன்னு கேக்குறாங்க, ஐயா.”

“எனக்குத் தெரியலை.”

அவள் உடனே திரும்பவில்லை. “மன்னிக்கணும் ஐயா. ஏன் எழுதினீங்கன்னு தெரியலையா, இல்ல, அந்தச் சொல்லோட அர்த்தம் தெரியலையா?”

அவருக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருடத்தில் யாரிடமும் அவர் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை.

“அர்த்தம் தெரியலைம்மா. கேட்டா கௌரவக் குறைச்சல்னு நெனச்சேன். அதையும் சொல்லிடு.”

சொன்னாள். அந்த மொழி அவருக்கும் தெரியுமே, ஒரு சொல்லைக்கூட அவள் மிருதுவாக்கவில்லை. மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். அவர் பெயரை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டு, நர்ஸின் நீக்கத்தை ரத்து செய்தார் தலைவர்.

புதியவள் நர்ஸ் பக்கம் குனிந்தாள். “உங்களைத் திரும்ப வேலையில சேர்த்துக்கச் சொல்லிட்டாங்க.”

நர்ஸ் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னாள்.

“சேர்த்துக்கன்னுதானே சொன்னாங்க? வேற அர்த்தம் எதுவும் இல்லையே?”