செவலைக்கு ஆக்கிய சுறாப்புட்டு

குதிரை வியர்வையும் மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு புளித்த வாடை கிளம்பும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் எங்கள் வீடு மட்டும் எந்நேரமும் அப்படித்தான் நாறும். கடலில் படகு தள்ளும்போது முட்டி பெயர்ந்துபோன நைனா, இனிக் கடலுக்குப் போக முடியாது என்றானதும் ஒரு பெண் குதிரையையும் கட்டை வண்டியையும் வாங்கினார். ஆட்டோ புதைந்துபோகும் மணல் தடத்தில், கரையிலிருந்து பஸ் ரோடு வரை மீன் பெட்டி இழுத்தது அந்தச் 'செவலை'தான். அது படுத்துவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அது 'செனை'யானதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த மகளைப்போல அதற்குச் சந்தனம் பூசினாள், சிவப்புக் கயிற்றில் கண்ணாடி வளையல்களைக் கோத்துக் கழுத்தில் கட்டினாள். தெருவே சிரித்தது, அவள் காதில் வாங்கவில்லை. ஆனால் மாதம் ஏற ஏற வயிறுதான் பெருத்ததே தவிர மடி இறங்கவில்லை. தினமும் காலையில் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, காஞ்சி கெடக்குது? குட்டி இன்னாத்த குடிக்கும்?" என்று என்னிடம் கேட்பாள். பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கு என்ன தெரியும்!

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவில்லை என்றால் வேறு யோசனையே கிடையாது, பால்சுறாதான். வேகவைத்துத் தோலுரித்து, உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டாக வதக்கிக் கொடுப்பார்கள். நைனா டீக்கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் அம்மா அதைத் தவிட்டோடும் வெல்லத்தோடும் பிசைந்து செவலையின் முன்னால் வைத்தாள். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். அது அன்னக்கூடையின் அடிவரை நக்கித் தீர்த்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கோ வாயெல்லாம் பல்.

மதியம் செவலை தன் வயிற்றைத் தானே உதைத்தது. பிறகு பொத்தென்று விழுந்து, அத்தனை பெரிய வயிற்றோடு மணலில் புரண்டது. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றியதுபோல் வியர்வை, வளையல்கள் நொறுங்கின. அப்படி ஒரு மிருகம் முனகி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பொன்னேரியிலிருந்து பைக்கில் வந்த மாட்டு டாக்டர், "இன்னாமா குடுத்தீங்க?" என்றார். அம்மா சொன்னாள். அவர் ஊசியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தார். "புல்லு துன்ற ஜென்மத்துக்கு மீனாடி குடுத்த?" என்று நைனா கத்தியதில் தெருவே கூடிவிட்டது. ஊசி போட்டுவிட்டு, படுக்க விடாமல் நடத்துங்கள் என்றார் டாக்டர். சிரித்த அதே பெண்கள் மாற்றி மாற்றிக் கயிற்றைப் பிடித்தார்கள். அம்மா மட்டும் தன் இடத்தை யாருக்கும் விடாமல் அதன் கழுத்தை அணைத்துக்கொண்டே ஏரி ஓரமாக நடந்தாள்.

செவலை பிழைத்துக்கொண்டது. விடியும்போது விழுந்த குட்டிக்கு மூச்சில்லை. டாக்டர், "அதனாலதான்னு சொல்ல முடியாது" என்றார். அம்மாவிடம் அது எடுபடவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பொழுது ஏறியதும் வந்தது. காய்ந்து கிடந்த மடி கனத்து, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது. அம்மா, பால் கட்டினால் எப்படி வலிக்கும் என்று தெரிந்தவள் அல்லவா, வாய்விட்டு அழுதுகொண்டே அதன் காலடியில் உட்கார்ந்து, கையால் பீய்ச்சிக் கொட்டகை மணலில் விட்டாள். நைனா பக்கத்தில் போய்க் குதிரையைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் அவளை அவர் ஒரு சொல் கடிந்ததில்லை.

இப்போது மணல் தடத்தில் தார் போட்டாயிற்று, மீன் பெட்டிகள் லோடு ஆட்டோவில் போகின்றன. எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் குதிரையைப் போனில்தான் பார்க்கிறார்கள். செவலையின் கொட்டகை இருந்த இடத்தில் என் தம்பி சிமென்ட் பூசி ஆட்டோ நிறுத்துகிறான். அம்மா இன்றும் அந்தச் சிமென்டில் கால் வைப்பதில்லை, வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.